கிட்டாருக்கு வந்த சாமி

சாமி மனித உடம்புக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தீராத ஆசை. மற்றப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி எனக்கு இருந்தது. எங்கள் தோட்டத்தில் சாமி வருவது என் பெரியம்மாவுக்குத்தான். வருஷா வருஷம் சித்திரையில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில், தப்புச் சத்தம் உச்சத்துக்குப் போகும்போது அவள் மேல் ஆத்தா இறங்குவாள். நான் தீர்த்தச் செம்போடு பக்கத்தில் நின்று வேவு பார்ப்பேன். ஒரு வருஷம் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆட்டம் தலையில் ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் தலையைப் பார்த்தேன், காலில் ஆரம்பித்தது. நான் பார்ப்பது சாமிக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. நோர்வூட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில், எங்களுக்கு அடுத்த காம்பரா அவளுடையது. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துச் செத்துப்போனபோது, அம்மாவுக்கும் அவளுக்கும் தம்பியான என் மாமா நடை பழகிக்கொண்டிருந்த குழந்தையாம். கொழுந்தெடுத்துக்கொண்டே அவரை வளர்த்து ஆளாக்கியது பெரியம்மாதான். மாமாவுக்கு மீசை முளைத்த பிறகும் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துத்தான் கொடுப்பாள். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அந்த மாமா நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். தட்டுக் கழுவப் போனவர், கொஞ்ச நாளில் மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவரானார். அங்கே கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர் ஏதோ கோபத்தில் பாதியில் விட்டுப் போன ஒரு சனிக்கிழமை, மாமா கிட்டாரைக் கையில் எடுத்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் எப்போது பழகினார் என்று கேட்டால், போனைப் பார்த்து என்பார். போனைப் பார்த்து நாங்களும்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த ஓட்டலுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் புதுப்பாட்டுக் கேட்க வருவதில்லை. என்றைக்கோ செத்துப்போன ஒரு பெரிய கிட்டார்க்காரரின் பாட்டுகளைத்தான் கேட்பார்கள். தங்கள் இளவயதில் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேட்க வேண்டும். ஒரு இடத்தில் கம்பி கொஞ்சம் கூடக்குறைய அழுதால் மேசையிலிருந்து தலைகள் திரும்புமாம். அதனால் மாமா அச்சு அசலாக வாசிப்பார். மூச்சு விடுகிற இடம்கூட மாறாது. அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பாட்டுக்காரரின் படம் ஒன்று மாமாவின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கருத்த முகம், தலையில் துணிக்கட்டு. பெயர் பெரியம்மாவின் வாயில் நுழையாததால் அவரை "முண்டாசுக்காரரு" என்பாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "ஒன் முண்டாசுக்காரருக்குக் கையெடுத்துக் கும்புட்டுட்டு சட்டைய எடு" என்று மாமாவைச் சீண்டுவாள்.

லீவில் மாமா வீட்டுக்கு வந்து கிட்டாரின் சத்தப் பெட்டியைக் கரண்டில் சொருகினால் லயத்தில் ஆறு காம்பராவிலும் பல்பு மங்கும். மாமா வந்திருக்கிற செய்தி அப்படித்தான் ஊருக்குத் தெரியும். நான் போய் முட்டி போட்டு உட்கார்ந்து விரலைப் பார்ப்பேன். கம்பியை அழுத்தினால் ஒரு சத்தம், அது சரி. அழுத்திய கம்பியை அப்படியே மேலே தள்ளும்போது அந்தச் சத்தம் ஏறி, நடுங்கி, தொண்டை கட்டிய மனிதர் அழுவதுபோல அழும். கம்பிக்கு ஏது தொண்டை?

"எப்பிடி மாமா அழுவுது?"

"நான் தள்ளுறேன். அது அழுவுது."

இது ஒரு பதிலா? சாமி எப்படி வருகிறது என்று கேட்டால் பெரியம்மாவும் இப்படித்தான், "வருது, ஆடுறேன்" என்பாள். எங்கள் குடும்பத்தில் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பெரியம்மா மட்டும் மாமாவின் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. பெட்டியைச் சொருகினாலே, "மண்ட இடிக்குது" என்று விறகு பொறுக்கக் கிளம்பிவிடுவாள். உண்மையில் அவளுக்கு இடித்தது மண்டை இல்லை. அந்தக் கிட்டார் தம்பியைத் தன்னிடமிருந்து கொண்டுபோய்விடும் என்ற பயம். ஏற்கெனவே நுவரெலியாவில் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

எனக்கு ஒன்பது வயதான வருஷத் திருவிழாவின்போது அந்தப் பயம் மாலைதீவு வரைக்கும் நீண்டது. மாலைதீவு ஓட்டல்களுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்து அனுப்புகிற ஒருவர் கொழும்பிலிருந்து வருகிறார், மாமாவின் வாசிப்பைக் கேட்கப்போகிறார், பிடித்துவிட்டால் இரண்டு வருஷத்துக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அவர் வருகிற நாளும் எங்கள் திருவிழாவின் கடைசி நாளும் ஒன்றாக விழுந்தது. இரவு ஓட்டலில் வாசிப்பு. நுவரெலியாவில் அப்போது ஏப்ரல் சீசன், ஊரே நிரம்பி வழிகிற நேரம். மத்தியானத்துக்குள் திருவிழா முடிந்துவிடும், பிற்பகல் பஸ்ஸில் ஏறினால் ஹட்டன் போய் அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்துப் போய்விடலாம் என்று மாமா கணக்குப் போட்டார். இதற்கிடையில், தம்பி பேரில் பால்குடம் நேர்ந்திருக்கிறேன் என்று சொல்லி பெரியம்மா அவர் கையிலும் காப்புக் கட்ட வைத்துவிட்டாள்.

காப்பு என்பது மஞ்சள் நூலில் கோத்த மஞ்சள் கிழங்கு. மணிக்கட்டில் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. யாரும் நினைத்த நேரத்தில் அவிழ்க்கவும் முடியாது. எங்கள் தோட்டத்து வழக்கம், கடைசி நாள் ஆத்தா யார் மேலாவது இறங்கி வந்து, "திருவிழாவில் குறையில்லை, அவிழ்த்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் உத்தரவு தர வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்புக் கழன்று விழும், கரகம் ஆற்றுக்குப் போகும். இதுவரை எந்த வருஷமும் இதில் சிக்கல் வந்ததில்லை. பெரியம்மாதான் இருக்கிறாளே.

கடைசி நாள் காலையில் தப்பு முழங்கியது. பூசாரி உடுக்கை அடித்தார், பெண்கள் குலவை போட்டார்கள். பெரியம்மா ஈரச்சேலையோடு, நெற்றி நிறைய மஞ்சளோடு, அசையாமல் நின்றாள். சாமி வரவில்லை. தப்படிக்கிறவர் கையை மாற்றி மாற்றி அடித்தார். பறைத்தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டு வந்து மறுபடியும் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பூசாரி பெரியம்மாவின் முகத்துக்கு நேரே சாம்பிராணியைப் பிடித்தார், அவள் இருமினாள். அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆத்தா வரவில்லை என்றால் எங்கோ குற்றம் நடந்திருக்கிறது. யார் வீட்டில் கவிச்சி சமைத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பையன்கள் காப்புக் கட்டிய கையால் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ஒரு பெரியவர், "எனக்கு வருது, எனக்கு வருது" என்று ஆடிக்கொண்டு வந்தார். பூசாரி கிட்டப் போய் முகர்ந்து பார்த்து, வந்திருப்பது சாமி இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

மாமா பெரியம்மாவையும் தார்ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து வாசிக்கிற இரண்டு பேர் காலையிலேயே வந்திருந்தார்கள். ஒருவர் ஹட்டனிலிருந்து, தடிக் கம்பி போட்ட பெரிய கிட்டார் வாசிப்பவர். இன்னொருவர் டிரம் அடிக்கிற சிங்களப் பையன். திருவிழாவின் கடைசியில் பாட்டுக் கச்சேரி நடத்த மாமா அவர்களைக் கூப்பிட்டிருந்தார். கூட்டம் கலைந்துபோய்விடக் கூடாது என்று நினைத்த தோட்டத் தலைவர், "ஏப்பா, கச்சேரிய இப்பவே ஆரம்பிங்க. சனம் ஒக்காரட்டும். ஆத்தா வர்றப்ப வரட்டும்" என்றார்.

கோயிலுக்கு எதிரே கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம்தான் மேடை. தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு டிரம்மை வைத்தார்கள். நாலைந்து சினிமாப் பாட்டு நடந்தது. பையன்கள் ஆடினார்கள், மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்டார்கள். பெரியம்மா கோயில் பந்தலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆத்தா எந்த நேரமும் வரலாம் என்பதால் எழுந்து போகக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். நான் செம்போடு பக்கத்தில் இருந்தேன். விறகு பொறுக்கப் போக வழியில்லாமல் அவள் முதல் தடவையாக மாமாவின் கச்சேரியில் மாட்டிக்கொண்டாள்.

தூரத்தில், கீழ் வளைவில், பிற்பகல் பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அது மேல் டிவிஷன் வரைக்கும் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் திரும்பி வரும். திரும்பும்போது ஏறாவிட்டால் அன்றைக்கு நுவரெலியா போக முடியாது. மாமா பஸ் மேலே போவதைப் பார்த்தார். கையிலிருந்த காப்பைப் பார்த்தார். அதை அறுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்தவர்களும் உண்டு. அவர் செய்யவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்து, "அக்கா, இன்னிக்கு ராத்திரி அங்க வாசிக்கறதுக்குன்னு ஒரு பாட்டு வச்சிருந்தேன். அதான் போகலியே, இங்கயே வாசிச்சிர்றேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம், எனக்கு அழுகை வந்தது.

முண்டாசுக்காரரின் பாட்டு தொடங்கியது. வேகமே இல்லாத பாட்டு. டிரம் மெதுவாக நடக்க, அதன் மேல் மாமாவின் கிட்டார் ஒரு வரி பேசும், நிற்கும், பிறகு அந்த வரிக்குத் தானே பதில் சொல்லும். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றுவிட்டார்கள். யாருக்கும் அது என்ன பாட்டு என்று புரியவில்லை, ஆனால் செத்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்தது, கம்பியை மேலே தள்ளுகிற இடம். இந்தத் தடவை கண்டுபிடித்தே தீருவது என்று நான் மாமாவின் விரலையே உற்றுப் பார்த்தேன். கம்பி ஏறியது, நடுங்கியது, கதறியது.

என் பக்கத்தில் பாய் சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் பெரியம்மா எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கிறாள். தலைமயிர் அவிழ்ந்து கிடக்கிறது. சாமி எந்த வழியாக வந்தது என்பதை நான் அந்த வருஷமும் பார்க்கத் தவறிவிட்டேன்.

"தாயே!" என்று பூசாரி ஓடி வந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். ஆனால் தோட்டத் தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"பொறுங்க பொறுங்க. தப்புக்கு வராத ஆத்தா இங்கிலீசுப் பாட்டுக்கு வருமா? இது யாருன்னு பாக்கணும்." மடுவத்தைப் பார்த்துத் திரும்பி, "ஏப்பா, இந்தப் பாட்டுக்காரரு இருக்காரா, செத்துட்டாரா?" என்றார்.

மாமா வாசித்துக்கொண்டே, "செத்துட்டாருங்க" என்றார்.

"வயசாகியா?"

"இல்லீங்க. சின்ன வயசுலதான்."

"கல்யாணங் கட்டிருந்தாரா?"

"தெரியாதுங்களே!"

தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சின்ன வயதில் செத்தவர், கல்யாணம் கட்டினாரா என்பதும் தெரியவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்படிப் போகிறவர்கள் பேயாக அலைவார்கள் என்பது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அப்ப இது அந்தாளு பேய்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு பேய் கடல் தாண்டி, நோர்வூட் வந்து, எங்கள் பெரியம்மாவைத் தேடிப் பிடித்திருக்கிறது என்பதில் எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

பூசாரி ஒப்புக்கொள்ளவில்லை. பேய் வேப்பிலையைத் தொடாது என்று சொல்லி ஒரு கொத்தை நீட்டினார். பெரியம்மா பிடுங்கி வாயில் போட்டு மென்றாள். "பாத்தீங்களா?" என்றார் பூசாரி. "பேய்க்கும் பசிக்கும்ல" என்றார் தலைவர்.

இவர்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போது பாட்டு முடிந்துவிட்டது. ஓட்டலில் முடிவதுபோலவே, கடைசிக் கம்பியைத் தட்டி, உள்ளங்கையை வைத்து மாமா அதை அடக்கினார். சட்டென்று நிசப்தம். பெரியம்மாவின் ஆட்டம் தள்ளாடியது, கால் பின்னியது.

"நிப்பாட்டாத தம்பி!" என்று தப்படிக்கிறவர் பாய்ந்து எழுந்தார். "ஆத்தா மலையேறப் போறா! உத்தரவு இன்னும் கேக்கல!"

"பாட்டு முடிஞ்சிருச்சுங்க!"

"அவ முடிக்கலியே! அவ காலப் பாத்து அடி!"

மாமா முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கைக்கு அந்தப் பாட்டு ஆரம்பம் முதல் முடிவு வரைதான் தெரியும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், ஆனால் பெரியம்மா வேறு நடையில் ஆடினாள். டிரம் பையன் பயந்துபோய், இது என்ன என்று சிங்களத்தில், "மொகத மே?" என்றான். மாமா கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே மடுவத்தின் விளிம்பு வரைக்கும், வயர் இழுக்கிற அளவுக்கு வந்தார். பெரியம்மாவின் காலைப் பார்த்தார். அவள் மிதிக்கிற இடத்தில் கம்பியைத் தட்டினார், அவள் சுழல்கிற இடத்தில் கம்பியைத் தள்ளினார். தப்பு அதோடு சேர்ந்துகொண்டது. அது இப்போது முண்டாசுக்காரரின் பாட்டாக இல்லை. எங்கள் பாட்டாகவும் இல்லை. இதை எங்கேயும் கேட்டதில்லையே என்று ஹட்டன்காரர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு மாமாவைப் பார்த்தார்.

பெரியம்மா ஆடி ஆடி மடுவத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். மாமாவுக்கு மிகக் கிட்ட. கண் மூடியிருந்தது, கன்னமெல்லாம் மஞ்சளும் கண்ணீரும் வழிந்தது.

பூசாரி கும்பிட்டுக் கேட்டார். "தாயே, வந்திருக்கறது யாரு?"

"ஒங்க ஆத்தாதான்டா."

தலைவர் ஒரு அடி பின்னால் போனார்.

"காலயில இருந்து கூப்புட்டமே தாயே. ஏன் வரல? என்ன குத்தம் நடந்துச்சு?"

பெரியம்மா கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தாள். கிட்டார் மட்டும் தணிந்து ஒலித்தது. "குத்தம் ஒண்ணுமில்ல" என்றாள். "எனக்கு மனசு வரல."

"இப்ப உத்தரவு குடு தாயே."

"அவுத்து வுடு" என்றாள் பெரியம்மா. குரல் உடைந்திருந்தது. "போறவங்க போகட்டும். அவுத்து வுடு."

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பூசாரி முதலில் எட்டிப் பிடித்தது மாமாவின் கையைத்தான். காப்புக் கழன்றது. மேல் டிவிஷனிலிருந்து பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. கிட்டாரை உறையில் போட நேரமில்லாமல், மஞ்சள் படிந்த சட்டையோடு, மாமாவும் கூட்டாளிகளும் தார்ரோட்டுக்கு ஓடினார்கள். பின்னால் கொழும்புப் பையன்கள், அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு. நான் ரோடு வரைக்கும் ஓடிப் போய்க் கையாட்டினேன்.

கொழும்பிலிருந்து வந்தவருக்கு மாமாவின் வாசிப்புப் பிடித்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன்பே மாமா மாலைதீவு போனார். இரண்டு வருஷம் என்று போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டார். திருவிழாவுக்கு வருவேன் என்று ஒவ்வொரு சித்திரையிலும் போனில் சொல்வார்.

திருவிழா முடிந்த அன்று சாயங்காலம் பெரியம்மா தன் காம்பராவில் படுத்திருந்தாள். அம்மா பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொடுத்தாள். நான் கிட்டப் போய் உட்கார்ந்தேன். சாமி மலையேறிய பிறகு பெரியம்மாவுக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இருக்காது என்பது வழக்கம். "நான் என்னடி சொன்னேன்?" என்று கேட்பாள், நான் ஒன்று விடாமல் சொல்வேன். அன்றைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பேய், வேப்பிலை, தலைவர் பின்வாங்கியது, மாமா காப்பு அவிழ்ந்த கையோடு ஓடியது. எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா சாயத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பஸ்சுல சன்னலோரமா எடம் கெடச்சுச்சாடி அவனுக்கு? உள்ள ஒக்காந்தா வாந்தி எடுப்பான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா போய்விட்டது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லையே! சாமியே போகும்போது சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் கத்திச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டு இரு" என்று என் தொடையில் ஒன்று வைத்துவிட்டு, கம்பளியை எடுத்து அக்காவின் கால் வரைக்கும் இழுத்துப் போர்த்தினாள்.

"கெடச்சுச்சு பெரியம்மா. சன்னலோரந்தான்" என்றேன். "கையக்கூட வெளிய போட்டு ஆட்டுனாரு."

பெரியம்மா தலையை ஆட்டினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. குற்றம் ஒன்றுமில்லை என்று ஆத்தாவே சொல்லிவிட்டாள், கரகம் ஆற்றுக்குப் போய்விட்டது, மாமாவுக்கு சன்னலோரமே கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகும் பெரியம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.